ரவுண்டானாவில் இடது சிக்னலை நம்பி இறங்கினேன், இடித்துவிட்டார். தப்பு யாருடையது?

கோவைக்காரன்_எம்கே | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊர் லைசென்ஸில்தான் ஓட்டுகிறேன். இந்த ஊரைப் பார்க்காதவர்களுக்கு: கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி ஊர். குறுக்கே போகும் சாலைகளுக்கு எச், நெடுக்கே போகும் சாலைகளுக்கு வி என்று எண் போட்டிருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கிற இடமெல்லாம் ரவுண்டானா. ஆபீஸ் போய்வர ஒரு நாளைக்குப் பதினான்கு ரவுண்டானா சுற்றுகிறேன். சாமியைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

போன வியாழன் நடந்தது இது. தெற்கிலிருந்து வந்து கிவ் வே (வழி விடும்) கோட்டில் நிற்கிறேன். என் வலது கைப்பக்கம், கிழக்குச் சாலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் உள்ளே நுழைகிறது. இடது இண்டிகேட்டர் எரிகிறது. அந்த இடத்தில் இடது என்றால் நான் நிற்கும் சாலைக்குள்தானே வர வேண்டும்? சரி, நம் பக்கம் திரும்பப் போகிறார் என்று வட்டத்துக்குள் இறங்கினேன். அவர் திரும்பவில்லை. அவர் போக நினைத்தது எனக்கு அடுத்திருக்கும் மேற்குச் சாலைக்கு. அவருடைய இடது மூலை என் வலது முன்சக்கரத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. ஹெட்லைட்டும் அதை ஒட்டிய தகடும் போச்சு.

இன்சூரன்ஸில் பேசியவர், "உள்ளே இருந்த வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைந்தது நீங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டேஷ்கேமில் அவர் இண்டிகேட்டர் எரிவது பளிச்சென்று தெரிகிறது. வீடியோவை அனுப்பியிருக்கிறேன். அவர் போட்ட பொய் சிக்னலுக்கு நான் ஏன் தண்டம் அழ வேண்டும்?

---

ஈஸ்ட்ஹாம்_மீனா | செவ்வாய், இரவு 10:05

ஐயோ அண்ணா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். எனக்கு அடுத்த வாரம் புதன் காலை 8:10க்கு டிரைவிங் டெஸ்ட். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

என் சந்தேகம் வேறு. நேராகப் போக வேண்டுமென்றால் நுழையும்போது எந்த சிக்னலும் வேண்டாம், நடுவில் இடது போட்டு வெளியேறு என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்கிறார். அப்பாவோ நேராகப் போவதற்கும் வலது போட்டு நுழைந்து அப்புறம் இடதுக்கு மாற்றச் சொல்கிறார். 25 வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறாராம், ஒரு கீறல் கிடையாதாம். யார் சொல்வது சரி?

---

சுழிபுரம்67 | செவ்வாய், இரவு 11:20

தம்பி, முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் 30 வருசத்துக்கு மேல் கார் ஓடுகிறேன், அதில் 18 வருசம் மற்றவர்களுக்கு ஓடப் பழக்கினேன். ஹைவே கோட் என்ற இந்த நாட்டு வீதி விதிப் புத்தகத்தில் 103ஆம் விதி, சிக்னல் போட்டவருக்கு அதனால் முன்னுரிமை வந்துவிடாது என்று சொல்கிறது. அதற்கு அடுத்த 104ஆம் விதி உங்களுக்கென்றே எழுதி வைத்தது மாதிரி இருக்கிறது: மற்ற வண்டியின் இண்டிகேட்டர் அணைக்க மறந்ததாகவும் இருக்கலாம், கவனம். 185ஆம் விதி, வலப்பக்கத்தால் வருபவருக்கு வழி விடச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோட்டில் நின்றவருக்குத்தான் பாரம் கூட.

ஆனால் வெள்ளைக் கார்க்காரர் யோக்கியர் இல்லை. அவர் செய்த பிழை எதுவென்று விளங்கினால் மீனாப் பிள்ளையின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

186ஆம் விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் எக்ஸிட் என்றால் வரும்போதே இடது போட்டு, இடது லேனில் வந்து, போட்டபடியே வெளியேற வேணும். வலப்பக்கம் போகிறதோ முழுச் சுற்றுச் சுற்றுகிறதோ என்றால் வலது போட்டு வலது லேனில் வந்து, போக வேண்டிய எக்ஸிட்டுக்கு முந்தின எக்ஸிட்டைத் தாண்டியதும் இடதுக்கு மாற்ற வேணும். இரண்டுக்கும் இடைப்பட்ட எக்ஸிட் என்றால் வரும்போது சிக்னல் வேண்டியதில்லை. முந்தினதைத் தாண்டியதும் இடது. தரையிலோ பலகையிலோ வேறு மாதிரிக் கீறியிருந்தால் அதன்படி.

"முந்தினதைத் தாண்டியதும்" என்ற இந்த இரண்டு சொல்லில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது. வெள்ளைக் கார் மேற்கே போக வேணும். அதற்கு முந்தின எக்ஸிட் உங்கள் தெற்கு ரோட்டு. உங்களைத் தாண்டிய பிறகு போட வேண்டிய லைட்டை உங்களுக்கு முன்னாலேயே போட்டுவிட்டார். ஒரு செக்கனோ இரண்டு செக்கனோதான் வித்தியாசம். அந்த இடைவெளியில் உங்களைப் பார்த்து "வா" என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பிள்ளை, அப்பா பழகிய விதம் பழைய ஆட்களிடம் இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். நேரே போகிறவர் வலது போட்டால் எதிர்ப்பக்கம் நிற்கிறவர், இது தன்னைத் தாண்டிச் சுற்றி வரப்போகிறது என்று சும்மா நிற்பார். ஆபத்து குறைவு, எரிச்சல்தான் கூட. டெஸ்டில் மட்டும் செய்து காட்டாதீர்கள்.

---

வம்பு_வரதன் | புதன், காலை 7:15

சிக்னல் சிக்னல் என்று ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் ஸ்விண்டன். எங்கள் ஊர் மேஜிக் ரவுண்டானாவுக்கு ஒரு நாள் வாருங்கள். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து குட்டி வட்டங்கள். குட்டி வட்டங்கள் கடிகாரச் சுற்றில் ஓடும், நடுவட்டத்தைச் சுற்றி மட்டும் எதிர்ச்சுற்று. 1972இல் ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளர் போட்டது. அதற்குள் நுழைந்துவிட்டால் இடது எது வலது எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவனவன் மூஞ்சியைப் பார்த்து, வேகத்தைப் பார்த்து, நைசாகப் போய்க்கொண்டே இருப்பான். சிக்னலை நம்பாத ஊரில் இடியும் கிடையாது. நம்பினார், வாங்கினார். அவ்வளவுதான்.

தவிர, புத்தகத்தில் சிக்னலுக்கு "வேண்டும்" என்ற அளவில்தான் போட்டிருக்கிறது, "கட்டாயம்" என்று இல்லை. போடாவிட்டால் யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

---

சுழிபுரம்67 | புதன், காலை 8:02

வரதன், பாதிதான் சரி. "கட்டாயம்" என்று எழுதியவை சட்டம், மீறினால் நேரடிக் குற்றம். மற்றவை அறிவுரை. ஆனால் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 38ஆம் பிரிவைப் பாருங்கோ. அறிவுரையை மீறினதையும் கோர்ட்டில் யார் பொறுப்பு என்று நிறுவ எடுத்து வைக்கலாம். அதாவது தம்பியின் வீடியோ சும்மா இல்லை. முழுப் பழியும் அவர் தலையில் விழாமல் கொஞ்சம் அந்தப் பக்கமும் தள்ளலாம். விடாமல் கேளுங்கோ தம்பி.

---

நாமக்கல்_செல்வம் | புதன், பகல் 1:30 (சர்வீஸ் நிறுத்தத்திலிருந்து)

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நான் இங்கே பெரிய வண்டி ஓட்டுகிறேன், டிரெய்லரோடு 16.5 மீட்டர். ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணுமுங்க.

ரவுண்டானாவில் நான் இடது போட்டுக்கொண்டு வலது லேனில் வருவதைப் பார்த்தால் "இவனுக்கு மூளை குழம்பிவிட்டது" என்று நினைக்காதீர்கள். தலை திரும்பினாலும் டிரெய்லர் என் வழியில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டுதான் வரும். அதனால் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டு வந்தால்தான் முடியும். நீளமான வண்டிகளுக்கு இடம் விடச் சொல்லி 187ஆம் விதியிலேயே இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் ஒரு சந்து தெரிந்தால் போதும், சின்னக் கார் ஒன்று அதில் வந்து மூக்கை நுழைக்கும். போன மாதம் கண்ணாடியில் பார்க்கிறேன், டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன். அவருக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது, கை காட்டிவிட்டுப் போனார்.

நம் ஊரிலாவது கிளீனர் பையன் இடப்பக்கம் தலையை நீட்டி "வரட்டும், வரட்டும்" என்று கதவைத் தட்டுவான். இங்கே நானும் கண்ணாடியும்தான்.

தலைவரே, உங்கள் கேஸில் ஒரு கேள்வி. அந்த வெள்ளைக் காரின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? வேகம் குறைந்ததா? வீடியோவில் அதைப் பாருங்கள். நான் லைட்டைப் பார்ப்பதே இல்லை, சக்கரத்தைத்தான் பார்ப்பேன். உங்கள் சாலைக்குள் திரும்புகிறவர் என்றால் மூக்கு உங்கள் பக்கம் வந்திருக்கும்.

---

கோவைக்காரன்_எம்கே | புதன், இரவு 8:50

செல்வம் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு ஆறு தடவை பார்த்தேன். வேகம் குறையவே இல்லை. சக்கரமும் திரும்பவில்லை. மூன்று தடவை லைட் மின்னுகிறது, அந்த மூன்றாவது மின்னலில் என் வண்டி நகர்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. இங்கே யாரும் ஹாரனே அடிக்கமாட்டார்களா, அடித்தால் ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. ஊரில் காது கிழிய அடித்தாலும் திரும்பிப் பார்க்காத ஆள் நான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வந்த முதல் வாரம் நேராகப் போவதற்கு நாலு லைட்டையும் சேர்த்துப் போட்டேன். கோவையில் எல்லோரும் அப்படித்தானே! இடது போட்டால் இடது, வலது போட்டால் வலது, இரண்டையும் போட்டால் நேரே. என்ன ஒரு தர்க்கம். பக்கவாட்டில் நிற்பவருக்கு என் ஒரு பக்க லைட்தான் தெரியும், அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

---

ஈஸ்ட்ஹாம்_மீனா | புதன், இரவு 9:10

நாலு லைட்டா! சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எங்கள் தாத்தா ஊரில் ஆட்டோக்காரர் ஒருவர் திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடமாட்டார், கால் கட்டைவிரலை வெளியே நீட்டுவார். பின்னால் வருகிற பஸ்ஸே அதற்கு மரியாதை கொடுத்து நிற்கும்.

ஹெட்லைட் அடிப்பதும் அப்படித்தானே அண்ணா? ஊரில் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்". இங்கே அடித்தால் "நீ போ".

---

சுழிபுரம்67 | புதன், இரவு 10:30

பிள்ளை, "நீ போ" என்பது சனம் வைத்துக்கொண்ட பழக்கம். புத்தகத்தில் 110ஆம் விதி, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டும்தான் ஹெட்லைட் அடிக்கலாம் என்கிறது. பார்க்கப் போனால் உங்கள் தாத்தா ஊர் அர்த்தம்தான் புத்தகத்துக்குக் கிட்ட நிற்கிறது! ரவுண்டபவுட்டில் ஒருவர் லைட் அடித்தாலும் நீங்கள் வலப்பக்கம் பார்த்துத்தான் இறங்க வேணும். அவர் உங்களுக்குத்தான் அடித்தாரோ பின்னால் வருகிற சிநேகிதனுக்கு அடித்தாரோ, யார் கண்டது.

கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்தில் ஓடப் பழகிய ஆள் நான். அங்கே நுழைய வேணும் என்றால் நுழைய வேண்டியதுதான், விட்டால் விடியும் வரை நிற்க வேணும். இங்கேயும் ஒரு காலத்தில் அதே கூத்துத்தான். 1966 நவம்பர் வரை யார் யாருக்கு வழி விட வேணும் என்று பொதுவான விதி இருக்கவில்லை. நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டே இருக்க, உள்ளே இருக்கிறவர்கள் வெளியேற முடியாமல் வட்டம் முழுக்க அடைத்து இறுகிப்போகும், சோற்றுப் பானையில் மூடி சிக்கின மாதிரி. வலது பக்கத்தால் வருபவருக்கு வழி விடு என்ற ஒரே ஒரு விதி வந்ததும் அது அவிழ்ந்தது. உள்ளே இருக்கிறவர் முதலில் வெளியேறினால்தானே இன்னொருவருக்கு இடம்.

இடது சிக்னல் ஏன் பெரிய விசயம் என்றால், அது வெளியேறுகிறவருக்கு உதவுகிற ஒன்று இல்லை. காத்து நிற்கிறவருக்குச் சொல்கிற சேதி. சிலர் வெளியேறும்போது போடவே மாட்டார்கள், "எனக்குத்தான் தெரியுமே எங்கே போகிறேன் என்று" என்ற மாதிரி. கோட்டில் ஐந்து கார் காரணமில்லாமல் நிற்கும்.

---

வம்பு_வரதன் | வியாழன், காலை 7:20

அப்படியென்றால் ஒரு சிக்கலான கேள்வி. இடப்பக்கம் சாலையே இல்லாத ரவுண்டானா. நேராக ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நேராகப் போவதுதான் முதல் எக்ஸிட். நுழையும் இடத்தைக் கடிகாரத்தில் 6 மணி என்று வைத்தால் அது 12 மணி. சிக்னல் உண்டா, கிடையாதா? புத்தகத்தைப் படித்தால் முதல் எக்ஸிட், இடது போடு. இன்ஸ்ட்ரக்டர்களைக் கேட்டால் 12 மணி, போடாதே. பதில் சொல்லுங்கள் மாஸ்டர்.

---

சுழிபுரம்67 | வியாழன், காலை 8:15

நல்ல கேள்வி, வம்புக்குக் கேட்டாலும். கடிகாரம் நாங்கள் பழக்குவதற்கு வைத்துக்கொண்ட சூத்திரம், புத்தகத்தில் அப்படி ஒரு மணிக்கணக்கு இல்லை. நீங்கள் சொன்ன இடத்தில் நான் இடது போடச் சொல்லித்தான் பழக்கினேன். முந்தின எக்ஸிட் என்று ஒன்றே இல்லை, ஆகவே முன்னாலேயே போட்டாலும் ஏமாறுவதற்கு அங்கே ஆளில்லை. போடாமல் வந்து உள்ளே நுழைந்ததும் போடுகிறவர்களையும் நான் பிழை சொல்லமாட்டேன். எக்ஸாமினர் பார்ப்பது யாரையாவது திசைதிருப்பினீர்களா என்பதை.

---

சைக்கிள்_சுந்தர் | வியாழன், மாலை 6:40

கேம்பிரிட்ஜிலிருந்து. எல்லோரும் நாலு சக்கரத்திலேயே நிற்கிறீர்கள், இரண்டு சக்கரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ரவுண்டானாவில் சைக்கிள்காரர் இடது ஓரத்திலேயே நின்று, வலது கையை நீட்டிக்கொண்டு சுற்றி வரலாம். "நான் இந்த எக்ஸிட்டில் போகவில்லை, இன்னும் சுற்றுகிறேன்" என்று அர்த்தம். புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கார்க்காரர்கள் "ஓரத்தில் இருக்கிறான், இடப்பக்கம்தான் போவான்" என்று அவர்களாகவே முடிவு செய்து என் முன்சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே வெட்டி வெளியேறுகிறார்கள். பொய் சிக்னலாவது பரவாயில்லை. நான் உண்மையாகக் கை காட்டினாலும் படிக்க ஆளில்லை.

எங்கள் ஊர் ஃபெண்டன் ரோட்டில் 2020இல் டச்சுக்காரர்கள் பாணியில் ஒரு ரவுண்டானா கட்டினார்கள், இந்த நாட்டில் அந்த வகையில் முதலாவது. காருக்கு உள்வட்டம், அதற்கு வெளியே சைக்கிளுக்குத் தனி வட்டம், செம்மண் நிறத்தில். கார் நுழையும்போதும் வெளியேறும்போதும் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் நின்று வழி விட வேண்டும். முதல் முறை போனபோது ஒரு பெரிய கார் எனக்காக நின்றது. நான் நம்பவில்லை, நானும் நின்றேன். இரண்டு பேரும் "நீங்கள் போங்கள்" என்று கல்யாணப் பந்தி மாதிரி உபசாரம் செய்துகொண்டிருந்தோம்.

---

நாமக்கல்_செல்வம் | வியாழன், இரவு 9:00

சுந்தர் சொல்வது உண்மைங்க. இனிமேல் கையையும் பார்க்கிறேன்.

மீனா தங்கச்சி, உங்கள் பக்கம் மினி ரவுண்டானாக்கள் நிறைய இருக்குமே? சாலையில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அதன் மேல் ஏறிப் போய்விடாதீர்கள். சுற்றித்தான் போக வேண்டும், அங்கே "கட்டாயம்" என்றே போட்டிருக்கிறது. என் வண்டி மாதிரி சுற்றவே முடியாததற்கு மட்டும் விலக்கு.

---

ஈஸ்ட்ஹாம்_மீனா | வியாழன், இரவு 9:25

அதில்தான் அண்ணா தகராறே. அவ்வளவு சின்னதில் இடது போட்டு வெளியேற நேரமே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்புவதா, குச்சியைத் தட்டுவதா? இரண்டையும் செய்தால் வண்டி பிளாட்பாரத்தைப் பார்க்கிறது.

---

சுழிபுரம்67 | வியாழன், இரவு 10:10

மினியில் வெளியேறும் சிக்னலுக்கு இடம் இல்லை என்றால் விட்டுவிடுங்கோ பிள்ளை, ஸ்டியரிங்தான் முக்கியம். வரும்போது போட வேண்டியதை மட்டும் ஒழுங்காகப் போடுங்கோ. பெரியதில் அந்தச் சாக்கு இல்லை.

குச்சியைப் பற்றி ஒன்று. ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பி நேராக்கினால்தான் இண்டிகேட்டர் தானாக விழும். ரவுண்டபவுட்டில் வெளியேறும்போது திருப்பம் கொஞ்சம்தான், ஆகவே விழாமல் எரிந்துகொண்டே வரும். அடுத்த ரவுண்டபவுட்டுக்கு இடது எரிந்தபடியே போய்ச் சேருவீர்கள். தம்பியை இடித்தவருக்கும் அதுதான் நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சமுசயம். மில்டன் கீன்ஸில் ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுமே.

தம்பி, ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்ததிலிருந்து 12 மாதம்தான் செல்லும். ஏழு முடிந்துவிட்டது. டெஸ்டுக்குத் தேதி கிடைப்பது லேசு இல்லை, புரொவிஷனலுக்கு (பழகுநர் லைசென்ஸுக்கு) இப்போதே எழுதிப் போடுங்கோ.

---

கோவைக்காரன்_எம்கே | ஞாயிறு, இரவு 7:30

அப்டேட். லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டேன், நன்றி ஐயா. இன்சூரன்ஸில் வீடியோ பார்த்துவிட்டு, பொறுப்பைப் பங்கு பிரிக்க எதிர்த்தரப்பிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பங்கு என்று இன்னும் சொல்லவில்லை. என் பங்குதான் பெரிதாக இருக்கும் என்று நானே தயாராகிவிட்டேன்.

இன்று மதியம் ஒரு கிறுக்குத்தனம் செய்தோம். நானும் வீட்டம்மாவும் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு அதே ரவுண்டானாவுக்குப் பக்கத்துப் புல்வெளியில் போய் உட்கார்ந்தோம். வருகிற ஒவ்வொரு காரும் எந்த எக்ஸிட்டில் போகும் என்று பந்தயம். நான் இண்டிகேட்டரைப் பார்த்துச் சொல்வது, அவள் சக்கரத்தையும் வேகத்தையும் பார்த்துச் சொல்வது. அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. டீ தீர்வதற்குள் என் மானம் தீர்ந்துவிட்டது. போடாமல் வெளியேறியவர்கள் நிறைய. என்னை இடித்தவர் மாதிரியே ஒரு எக்ஸிட் முன்னாலேயே போட்டவர்களும் இருந்தார்கள். வலது போட்டபடி இடப்பக்கம் போன ஒரு மகானும் உண்டு.

திரும்பி வரும்போது நாலாவது ரவுண்டானா தாண்டியதும் அவள் கேட்டாள், "ஏங்க, ரொம்ப நேரமாக ஏதோ டிக் டிக் என்று கேட்கிறதே, அது என்ன?"

---

வம்பு_வரதன் | ஞாயிறு, இரவு 7:45

அடுத்த இழை உங்களை இடித்தவர் போடப் போகிறார்.

---

ஈஸ்ட்ஹாம்_மீனா | புதன், பகல் 11:15

பாஸ்!!! நாலு மைனர் (சின்னப் பிழை). அதில் ஒன்று ரவுண்டானாவில், வெளியேறும் சிக்னல் லேட். முந்தின எக்ஸிட்டைத் தாண்டியாகிவிட்டதா என்று ரொம்பவே உறுதி செய்துகொண்டேன் போலிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், "நான் சொன்ன மாதிரி வலது போட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது" என்கிறார்.